டாஷ்போர்டில் மாமியார் குரல்

வேன் ஓட்டும் கணவன் லுப்வாமா போனில் கூப்பிட்டால் கிஸ்ஸாவின் காதில் முதலில் விழுவது அவன் குரல் அல்ல, காற்று. வேனின் கண்ணாடி பாதி இறங்கியிருக்கும். அந்த இடுக்கில் புகும் காற்றின் சத்தத்தை வைத்தே வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று அவள் சொல்லிவிடுவாள். மெதுவாகப் போனால் யாரோ சூடான தேநீரை ஊதுவது போலிருக்கும். வேகம் கூடக்கூட சத்தம் மெலிந்து உயர்ந்து விசிலாகிவிடும். விசில் கேட்டால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள்.

“வண்டிய ஓட்டிக்கிட்டா பேசுறீங்க?”

“இல்ல, நிறுத்தியிருக்கேன்.”

“விசில் அடிக்குதே.”

“அது முச்சாபாவோட ஓட்டைப் பல்லு.”

முச்சாபா அவனுடைய கண்டக்டர். பின்னாலிருந்து அவன் சிரிப்பதும் கேட்கும். கிஸ்ஸாவுக்குச் சிரிப்பு வராது. மசாகாவிலிருந்து தலைநகர் கம்பாலாவுக்குப் போகும் சாலை, வழியில் லுக்காயா ஊரைத் தாண்டியதும் லுவேரா சதுப்பில் இறங்குகிறது. கோடு போட்டது போல் நேரான சாலை. இரண்டு பக்கமும் கோரையும் கறுப்புத் தண்ணீரும். நேராக இருப்பதுதான் அதன் கெடுதல். ஓட்டுகிறவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும், கை தானாகப் போனைத் தேடும். எதிரே மணல் லாரிகள் வந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் காலை, மகள் சூபிக்குப் பள்ளிக்கூடச் செருப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டான். “கொஞ்சம் இறுக்குதாம்” என்று கிஸ்ஸா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரேக் கிறீச்சிட்டது. பெண்கள் அலறினார்கள். இணைப்பு அறுந்தது.

மசாகா வேன் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுக்குப் போன் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. ஈயம் உருக்கும் கம்பி கையில் சூடாக இருந்ததை அவள் மறந்துபோனாள். மேஜை கருகும் வாசனை வந்தபோதுதான் கையைப் பார்த்தாள். மறுபடி அவன் கூப்பிடும்வரை அவள் உட்காரவில்லை.

“ஒண்ணுமில்ல. ஒரு சைக்கிள்காரன் குறுக்க வந்துட்டான். வாழைத்தாரு மட்டுந்தான் நசுங்குச்சு.”

“குறுக்க அவனா வந்தான், நீங்களா?”

பின்னால் காற்று விசிலடித்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். இவன் ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே லுவேராவில் போய்ச் சேருவான். கூடவே பதினான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போவான். போன் இழுத்துவரும் வினையை, போனை வைத்தே தடுக்க முடியாதா? எதையும் திறந்து உள்ளே பார்க்காமல் தூங்கமாட்டாத பெண் அவள். வேலையைத் தொடங்கினாள்.

முதலில் எளிய வழி. போன் தான் இருக்கும் இடத்தை வானத்துச் செயற்கைக்கோள்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கொஞ்ச நேரம் முன்பு எங்கே இருந்தேன், இப்போது எங்கே இருக்கிறேன் என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். சைக்கிள் வேகத்தைத் தாண்டினால் திரை பூட்டிக்கொள்ளும். கூப்பிடுகிறவர்களுக்கு “ஓட்டிக்கொண்டிருக்கிறார்” என்று பதில் போகும். லுப்வாமாவின் போனில் இதைப் போட்டுக் கொடுத்தாள். அவன் மறுப்பே சொல்லாமல் வாங்கிக்கொண்டான். அடுத்த வாரமே அவன் சட்டைப்பையில் ஒரு சின்ன பட்டன் போன் இருந்தது.

“இது எதுக்கு?”

“டார்ச் லைட் இருக்கு. உபயோகமா இருக்கும்.”

ஆக, போனைப் பூட்டிப் பயனில்லை. ஒன்றைப் பூட்டினால் இன்னொன்று முளைக்கும். பார்க்க வேண்டியது போனை அல்ல, அவன் கண்ணை.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பின்னால் நடந்தது இதிலிருந்துதான் வந்தது. ஒரு பழைய போனை எடுத்து, டாஷ்போர்டில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்தபடி பொருத்தினாள். போனின் கேமராவுக்கு முகம் என்பது கொஞ்சம் புள்ளிகள்தான். கண்ணோரங்கள், மூக்கு நுனி, வாயோரங்கள், தாடை. நேராகப் பார்க்கும்போது மூக்கு நுனி இரண்டு கண்ணுக்கும் நடுவில் நிற்கும். முகம் திரும்பினால் மூக்கு ஒரு கண்ணை நெருங்கி மற்றதை விட்டு விலகும். குனிந்தால் கண்ணுக்கும் தாடைக்கும் உள்ள தூரம் சுருங்கும். இமை சொருகினால் கண்ணின் மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் கணக்கு. பக்கக் கண்ணாடியை ஒருதரம் பார்த்துத் திரும்பும் அளவுக்குப் போன் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கண் சாலையை விட்டு விலகியிருந்தால் கத்தும். முகம் முன்னால் திரும்பும்வரை விடாமல், ஒவ்வொரு முறையும் முன்பைவிட உரக்கக் கத்தும்.

லுப்வாமா சத்தத்தைக் குறைத்து வைத்தான். அவள் அந்தப் பொத்தானைப் பசை வைத்து அடைத்தாள். அவன் கேமரா மேல் சூயிங்கம் ஒட்டினான். முகமே தெரியாவிட்டால் நிறுத்தாமல் உச்சக் குரலில் கத்த வேண்டும் என்று அவள் நிரலை மாற்றி எழுதினாள். அவன் போனைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டான். அவள் இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினாள். கடைசியாக முச்சாபாவின் யோசனைப்படி, லுப்வாமாவின் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி ஒரு குச்சியில் கட்டி கேமராவுக்கு முன் நிறுத்தினார்கள். படம் கண் சிமிட்டவில்லை. சிமிட்டாத முகம் முகமில்லை என்று அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்.

“அண்ணி, கண்ணச் சிமிட்டாம ஓட்டுறது நல்லதுதானே?” என்றான் முச்சாபா.

“நீ ஒருநாள் சிமிட்டாம இருந்து காட்டு, பாப்போம்.”

இப்படி ஒவ்வொரு பொந்தாக அடைத்துக்கொண்டே வந்தாள். ஆனாலும் கத்தலுக்கு அவன் காது பழகிவிட்டது. அதுவும் நியாயம்தான். அடுத்த வீட்டு ஜெனரேட்டர் ஓடுவது நமக்குச் சில நாளில் கேட்காமல் போய்விடுகிறது. ஒன்றும் விளையாத சத்தத்தை மூளை ஒதுக்கித் தள்ளிவிடும். பீப் ஒலியை எடுத்துவிட்டுத் தன் குரலையே பதிந்து வைத்தாள்: “சூபி அப்பா, முன்னாடி பாருங்க.” அது பீப்பைவிடச் சீக்கிரம் செத்தது.

“வீட்டுல கேக்காத காதா அண்ணி வண்டியில கேக்கும்?” என்றான் முச்சாபா.

யார் சொன்னால் இவன் காது கேட்கும்? கடையில் உட்கார்ந்து யோசித்தவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தாள். அவளுடைய அம்மா.

எங்கள் பக்கம் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் நிற்க மாட்டார்கள். தொடுவது இருக்கட்டும், முகம் பார்ப்பதே தப்பு. வழியில் மாமியார் எதிர்ப்பட்டால் மருமகன் பாதையை விட்டு இறங்கி, புல்லில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்வான். மீறினால் ஒபுகோ பிடிக்கும் என்பார்கள். கை நடுங்க ஆரம்பிக்கும், தலை ஆடும், அப்புறம் நிற்காது. பகை ஒன்றும் இல்லை. கிஸ்ஸாவின் அம்மாவுக்கு லுப்வாமா என்றால் உயிர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும். மருமகன் வந்தால் நாலோங்கோ உள்ளறையில் இருப்பாள். வாசலில் திரைச்சீலை தொங்கும். இந்தப் பக்கம் பாயில் அவன். பந்தாட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பார்கள். திரை மட்டும் இருந்தால் போதும், அவர்களைப்போல் ஒட்டிக்கொண்டவர்கள் கிடையாது.

கிஸ்ஸா பதிவு செய்யப் போனபோது நாலோங்கோ பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னக் கொண்டுபோய் அவரு மூஞ்சிக்கு நேரா உக்கார வைக்கப் போறியா?”

“உன்ன இல்லம்மா. உன் குரல மட்டும்.”

“நான் இங்க, என் குரல் அங்கயா?”

“குரல்ங்கிறது காத்து அசையறதும்மா. நீ பேசுனா காத்து அசையும், போனுக்குள்ள ஒரு மெல்லிசு தகடு அதுக்கேத்த மாதிரி ஆடும். அந்த ஆட்டத்த எண்ணா மாத்தி வச்சுக்கும். அங்க இருக்கப்போறது வெறும் எண்ணு. எண்ணுக்கு ஒபுகோ கிடையாது.”

“நீ சின்னப் புள்ளயில ரேடியோவப் பிரிச்சப்பவும் இப்படித்தான் விளக்கம் சொன்ன. இன்னிக்கு வரைக்கும் அது பாடல.”

“அவரு உசுரோட திரும்பி வரணும்மா.”

நாலோங்கோ கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி. ஆனா முன்கூட்டியே அவருகிட்ட சொல்லிடு. திடீர்னு என்ன அவரு பக்கத்துல வைக்காத.”

“சொல்லிடுறேன்.”

வயல் கடைசியில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல் நாலோங்கோ உரக்கச் சொன்னாள்: “மருமகனே, முன்னாடி பாருங்க.” கிஸ்ஸா அதைப் போனில் ஏற்றினாள். லுப்வாமாவிடம் சொல்லவில்லை. தெரிந்த சத்தம் செத்த சத்தம் என்பது அவள் கண்ட பாடம்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளும் வண்டியில் ஏறினாள். கம்பாலாவில் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி, லுப்வாமாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மழைக்காகத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், ஜன்னலோரம், மடியில் கோழிக்கூடையோடு ஒரு பெரியவர். பின்னால் வண்டி நிறைய ஆட்கள்.

மனைவி பக்கத்தில் இருந்ததால் லுப்வாமா பாடம் படிப்பவன்போல் ஓட்டினான். போன் வாயே திறக்கவில்லை. லுக்காயாவில் ஜன்னல் வழியாக, விற்கிறவர்கள் நீட்டிய கோழிக்கறிக் குச்சிகளும் சுட்ட வாழைப்பழமும் உள்ளே நுழைந்தன. அதைத் தாண்டியதும் மழை வலுத்தது. சாலை சதுப்புக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர் சாலையின் விளிம்பு வரை ஏறியிருந்தது. எதிரே வருகிற வண்டிகளின் விளக்குகள் மட்டும்தான் தெரிந்தன.

சட்டைப்பையில் பட்டன் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. லுப்வாமா மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் போனை உருவி, யார் என்று பார்க்கக் குனிந்தான்.

கிஸ்ஸா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். டாஷ்போர்டுப் போனே சொல்லட்டும் என்று விட்டாள்.

“மருமகனே, முன்னாடி பாருங்க.”

யாராவது திடீரென்று நம் காதுக்குப் பக்கத்தில் பேசினால் நாம் அவர் பக்கம் திரும்புவோம். லுப்வாமா திரும்பவில்லை, விலகினான். அவன் உடம்பு முழுவதும் வலப்பக்கக் கதவில் போய் மோதியது. பட்டன் போன் காலடியில் விழுந்தது. முகம் ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டது. பாதையில் மாமியார் வந்துவிட்டாள். அவன் பாதையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

முகம் போகும் பக்கம் கை போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறவன் பள்ளத்தில் விழுவது அதனால்தான். ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்தது. வேன் நடுக்கோட்டைத் தாண்டி, எதிர்வண்டிகள் வரும் பாதியில் ஏறியது.

“அம்மா எப்ப ஏறுனாங்க?” என்று அவன் ஜன்னலிடம் கேட்டான். அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

“ஏறலங்க. அது போனு. முன்னாடி பாருங்க.”

“மருமகனே, முன்னாடி பாருங்க” என்றது போன், முன்பைவிட உரக்க.

அந்த நொடியில்தான் கிஸ்ஸாவுக்குத் தான் செய்து வைத்திருப்பது முழுசாகத் தெரிந்தது. அவன் முகம் திரும்பியிருக்கிறது. அதனால் குரல் பேசுகிறது. குரல் பேசுவதால் அவன் முகத்தைத் திருப்புகிறான். திருப்பத் திருப்ப அது உரக்கப் பேசும். உரக்கப் பேசப் பேச அவன் இன்னும் திருப்புவான். இதற்கு முடிவே கிடையாது. முடிவு எதிரே வந்துகொண்டிருந்தது. மழைக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள், அவற்றுக்கு மேலே உயரத்தில் இன்னும் இரண்டு. மணல் லாரி.

“இந்தப் பக்கம் ஒடிங்க” என்று கத்தினாள். “அது போனுங்க, வெறும் போனு.”

“தெரியுது,” என்றான் அவன். பற்கள் மோதிக்கொண்டன. “கழுத்து திரும்பல.”

பின்னால் யாரோ ஜபம் சொல்லத் தொடங்கினார்கள். முச்சாபா “அண்ணே, அண்ணே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கிஸ்ஸா போனைப் பிடித்து இழுத்தாள். இரும்புப் பட்டை அசையவில்லை. அவளே முடுக்கிய திருகாணிகள். சத்தப் பொத்தானை நகத்தால் கீறினாள். பசை கல்லாக இறுகியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பலாம், ஆனால் அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவன் முழுப் பலத்தோடு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தான். இந்த மழையில் வேகமாக ஒடித்தால் வேன் உருண்டு தண்ணீருக்குள் போகும்.

“மருமகனே, முன்னாடி பாருங்க.”

லாரி ஹாரன் அடித்தது. சத்தம் நிற்கவே இல்லை.

கேமராவை மூடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. மூடினால் போனுக்கு முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் நிறுத்தாமல் உச்சக் குரலில் கத்தும். அவள் எழுதிய விதி. அந்தக் கத்தலில் அவன் கதவைத் திறந்துகொண்டு குதித்தாலும் குதிப்பான். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில் அவள் கண்ணுக்கு அம்மா வீட்டுத் திரைச்சீலை தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் பாயில் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளறையிலிருந்து வரும் குரலுக்குத் தொடையில் தட்டிச் சிரிக்கும் லுப்வாமா தெரிந்தான். அங்கே அந்தக் குரல் எவ்வளவு உரக்க வந்தாலும் அவன் கழுத்து திரும்பியதே இல்லை.

தலைத்துண்டை அவிழ்க்க நேரமில்லை. முடியோடு சேர்த்துப் பிடுங்கினாள். போன் மேல் போட்டு, பட்டையைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

“திரை போட்டாச்சு,” என்றாள். “அம்மா உள்ள இருக்காங்க. திரை போட்டாச்சுங்க.”

போன் கத்தியது. மூச்சு விடாமல், ஒன்றன் மேல் ஒன்றாக, வண்டி முழுக்க நாலோங்கோவின் குரல். மருமகனே முன்னாடி பாருங்க மருமகனே முன்னாடி பாருங்க.

“பாக்குறேம்மா,” என்றான் லுப்வாமா. பாயில் உட்கார்ந்து சொல்வதுபோல் பணிவாகத்தான் சொன்னான். அவன் கழுத்து திரும்பியது. கண் சாலைக்கு வந்தது. கை மெதுவாக, அவசரப்படாமல், வண்டியை இடப்பக்கம் இறக்கியது.

லாரி அவர்களைக் கடந்தது. பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கண்ணாடியெல்லாம் தண்ணீர் அறைந்தது, கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு இடப்பக்கச் சக்கரங்கள் சேற்றில் இறங்க, வேன் சாய்ந்து, இழுத்து, நின்றது.

வண்டி நின்றால் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது இன்னொரு விதி. குரல் பாதியில் அறுந்தது. தவளைச் சத்தம் கேட்டது. கோழிக்கூடைப் பெரியவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: “அந்தம்மா எங்க இறங்குனாங்க?”

யாரும் சிரிக்கவில்லை.

கிஸ்ஸா துண்டை விடவில்லை. விரல்கள் பிரியவில்லை. முச்சாபா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். லுப்வாமா ஸ்டியரிங் மேல் வைத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை நடுங்கின.

அன்று பொழுது சாயும்போது கிஸ்ஸாவும் லுப்வாமாவும் நாலோங்கோ வீட்டில் இருந்தார்கள். திரைச்சீலை தொங்கியது. உள்ளே நாலோங்கோ, இந்தப் பக்கம் பாயில் லுப்வாமா, இரண்டு பக்கமும் போய்வர கிஸ்ஸா. அவள் போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். திருகாணிகளை வேனிலேயே எறிந்துவிட்டாள்.

“அவருகிட்ட சொன்னியா நீ?” என்றாள் நாலோங்கோ உள்ளேயிருந்து.

“சொல்லல.”

“அப்ப நான் கேட்டுக்கிட்டது?”

“இனிமே இது வேண்டாம்மா. இத உடைச்சுப் போட்டுடுறேன்.”

“உடைக்காத,” என்றான் லுப்வாமா. எல்லாரையும்விட அவன் அமைதியாகப் பேசினான். “இத எடுத்துட்டா நான் மறுபடி போனத்தான் பாப்பேன். இன்னிக்கு வேணாம். நாளைக்கு வேணாம். அப்புறம் ஒருநாள் பாப்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.”

சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்துப் பாயில், திரைக்குக் கீழே, தள்ளி வைத்தான். கிஸ்ஸா அதை எடுத்து உள்ளே கொடுத்தாள். நாலோங்கோ அவன் கையிலிருந்து நேராக வாங்க முடியாதல்லவா.

“அம்மா, இது உங்ககிட்டயே இருக்கட்டும். டார்ச் லைட் இருக்கு, உபயோகமா இருக்கும்.”

“எனக்கு எதுக்கு முன்னால இடம் குடுத்தீங்க?” என்றாள் நாலோங்கோ. “நான் எப்பவும் உள்ள இருக்கிறவ. பின்னால எங்கயாவது வைங்க. நடுவுல ஒரு துணியத் தொங்க விடுங்க. அப்புறம் நான் எவ்வளவு வேணா கத்துறேன்.”

செய்யக்கூடியதுதான். கிஸ்ஸாவின் மனம் தானாக வேலையைத் தொடங்கியது. கேமரா முன்னால் ஊமையாக இருக்கும், பார்ப்பது மட்டும் அதன் வேலை. ஒலிபெருக்கி கடைசி இருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில், திரைக்குள். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். முகம் தெரியாவிட்டால் கத்த வேண்டாம், அவளுக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்பட்டும். குரல் பேசினாலும் அப்படியே ஒரு தகவல். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கட்டும்.

இதை அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. லுப்வாமாவின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை தட்டில் மோதிக்கொண்டிருந்தது. டக், டக், டக். அவன் இன்னொரு கையால் அதைப் பிடித்தான். அப்போதும் நிற்கவில்லை.

“பயந்தா இப்படித்தாங்க,” என்றாள் கிஸ்ஸா. “பயந்தா உடம்பு ஒரு சுரப்ப ரத்தத்துல கொட்டும். ஓடுறதுக்கும் சண்டை போடுறதுக்கும். ரெண்டும் பண்ணலன்னா அது தசையிலயே நின்னு உதறும். தூங்கி எழுந்தா போயிடும்.”

“சரி,” என்றான் அவன்.

அவன் கோப்பையைப் பாயில் வைத்துவிட்டான். சத்தம் நின்றிருக்க வேண்டும். ஆனால் நிற்கவில்லை. திரைக்குப் பின்னால், உள்ளறையில், இன்னொரு கோப்பை தட்டில் மோதிக்கொண்டிருந்தது. நாலோங்கோ லுவேராவில் இல்லை. லாரியைப் பார்க்கவில்லை. கிஸ்ஸா சொன்ன சுரப்பு அவள் ரத்தத்தில் கொட்ட எந்தக் காரணமும் இல்லை. ஒபுகோ பிடித்தால் நிற்காது என்பார்கள்.

வேன் சரியாகி, பின்னால் திரைக்குள் ஒலிபெருக்கியோடு மறுபடி ஓடத் தொடங்கிய அன்று அவள் கடையைத் திறந்தாள், ஆனால் எதையும் கையில் எடுக்கவில்லை. தன் போனை மேஜை மேல் வைத்து அதன் முன் உட்கார்ந்தாள். லுக்காயா வரை போன் சும்மா இருந்தது. இந்நேரம் சதுப்பில் இறங்கியிருப்பான் என்று நினைத்தபோது அது ஒருதரம் அதிர்ந்தது. ஒருமுறை கண் விலகியிருக்கிறது, குரல் பேசியிருக்கிறது. இரண்டாவது அதிர்வுக்காகக் காத்திருந்தாள். பழைய வட்டம் திரும்பியிருந்தால் அது வந்தே தீரும். வாடிக்கையாளர் ஒருவர் வந்து ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை, அவர் போய்விட்டார்.

இரண்டாவது அதிர்வு வரவில்லை. வேறெதுவும்கூட வரவில்லை. ஒன்றும் வராமலிருக்க இரண்டு காரணம் இருக்க முடியும். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதில் நல்லதை நினைக்கப் பார்த்தாள்.

கடைசியில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, பேசாமல் கேட்டாள். காற்று இல்லை. விசில் இல்லை. வண்டி நின்றிருந்தது. கம்பாலா ஸ்டாண்டின் இரைச்சல், முச்சாபா ஆள் கூப்பிடும் குரல், யாரோ தேநீர் கொண்டுவந்து வைக்கும் ஓசை.

“வந்து சேந்துட்டேன்,” என்றான் லுப்வாமா. “ஒருதரம் பேசுனாங்க. பதில் சொன்னேன்.”

“கை எப்படி இருக்கு?”

“பரவால்ல.”

அவன் இன்னும் ஏதோ சொன்னான். அவள் அதைக் கேட்கவில்லை. அவன் குரலுக்கு அடியில், கோப்பை தட்டில் மோதிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.